காகிதப் பறவை திரையில் பறக்க

கேள்வி: ஒரு பறவை சிறகடித்து எழுவதை 40 படங்களாகக் காகிதத்தில் வரைந்து, ஸ்கேன் செய்து, வீடியோ எடிட்டிங் மென்பொருளில் வரிசையாகச் சேர்த்தேன். ஒவ்வொரு படமும் ஐந்து விநாடி நின்று மாறுகிறது. நேரத்தைக் குறைத்தால் பறவை முழுவதும் நடுங்குகிறது. இன்னும் அதிகமான படங்கள் வரைய வேண்டுமா?

பதில்: வேண்டாம், வரைந்தவையே போதும். தனித்தனியாக உள்ளே வரும் அசையாப் படம் ஒவ்வொன்றுக்கும் பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள்கள் வழக்கமாக ஒதுக்கும் நேரமே அந்த ஐந்து விநாடி. ஆகவே படங்களை ஒவ்வொன்றாக டைம்லைனில் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) வைத்து வெட்டிக்கொண்டிருக்காமல், கோப்புகளுக்கு 0001, 0002 என்று இடைவெளியின்றி எண் இட்டு, மொத்தத்தையும் ஒரே கிளிப்பாக, அதாவது ஒரே காணொளித் துண்டாக, உள்ளே கொண்டுவாருங்கள். பிரீமியரில் முதல் கோப்பைத் தேர்ந்தெடுத்து ‘இமேஜ் சீக்வென்ஸ்’ என்ற கட்டத்தைக் குறித்தால் போதும். ரிசால்வில் எண் வரிசையிலுள்ள படங்கள் வழக்கமாகத் தாமாகவே ஒரே கிளிப்பாகத் தோன்றும்.

அடுத்து, அந்தக் கிளிப்பின் வேகத்தை விநாடிக்கு 12 ஃபிரேம் (காணொளியின் தனித்தனி நிலைப்படம்) என்று மாற்றி, 24 ஃபிரேம் டைம்லைனில் வையுங்கள். ஒவ்வொரு படமும் இரண்டு ஃபிரேம்கள் நிற்கும். உங்கள் 40 படங்கள் மூன்றேகால் விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். இது சோம்பேறித்தனமான குறுக்குவழி அன்று. 1908-ல் பிரான்சில் அசைவூட்டக் கலைஞர் எமில் கோல் ஏறத்தாழ 700 கோட்டோவியங்களைப் படமாக்கியபோதே ஒவ்வொன்றையும் இரண்டு ஃபிரேம்களில்தான் பதிவுசெய்தார். சிறகு சட்டென்று கீழே அடிக்கும் இடத்தில் மட்டும் ஒரு படத்துக்கு ஒரு ஃபிரேம் கொடுத்துப் பாருங்கள். மாறாக, எழுவதற்கு முன் பறவை உடலைத் தாழ்த்தும் நிலையை எட்டு அல்லது பத்து ஃபிரேம்கள் நிறுத்தி வையுங்கள். அந்தச் சிறு காத்திருப்பு இல்லாவிட்டால் பறவைக்கு எடையே இருப்பதாகத் தோன்றாது. எல்லாப் படங்களுக்கும் ஒரே நேரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் புதியவர்களின் அசைவூட்டம் இயந்திரத்தனமாகத் தெரிவதற்கு முதன்மையான காரணம் என்பது என் கருத்து.

நடுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஸ்கேனரில் காகிதம் இடம் மாறியதே. 200 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 200 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்யும்போது காகிதம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் படம் ஏறத்தாழ எட்டு பிக்சல் தள்ளிப்போகும். இனி வரையும்போது காகிதங்களின் ஓரத்தில் ஒரே இடத்தில் துளையிட்டு, வரையும் பலகையிலும் ஸ்கேனரின் விளிம்பிலும் ஒட்டிய ஒரே மாதிரியான முளைகளில் அவற்றைப் பொருத்துங்கள். ஏற்கெனவே ஸ்கேன் செய்த படங்களை, பட எடிட்டிங் மென்பொருளில் முந்தைய படத்தின் மேல் பாதி ஒளிபுகும்படி வைத்து, அசையாத பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை நகர்த்திச் சேமிக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆயினும் திரும்ப வரைவதைவிட மேல். படத்துக்குப் படம் வெளிச்சம் கூடிக் குறைந்தால், ஸ்கேனரின் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பை வையுங்கள்.

படம் இடம் மாறாமல் கோடுகள் மட்டும் லேசாகத் துடித்தால் அதைத் தொடாதீர்கள். கையால் வரைந்ததற்கு அதுதான் அடையாளம். அதை மென்மையாக்கும் ஆசையில் ‘ஃபிரேம் பிளெண்டிங்’, ‘ஆப்டிகல் ஃப்ளோ’ ஆகியவற்றை இயக்கினால், மென்பொருள், நீங்கள் வரையாத இடைப்படங்களைத் தானே கற்பித்துக்கொண்டு உங்கள் கோடுகளை இழுகிய மையாக்கிவிடும்.

கேள்வி: பறவைக்குப் பின்னால் வண்ணப் பின்னணி வைத்தால் வெள்ளைக் காகிதம் அதை மறைக்கிறதே?

பதில்: மேலே உள்ள பறவைக் கிளிப்பின் பிளெண்ட் முறையை (கீழுள்ள படத்துடன் அது கலக்கும் விதத்தை) ‘மல்டிப்ளை’ என்று மாற்றினால் வெள்ளை மறைந்து கோடுகள் நிற்கும். ஆனால் பறவையின் உடலுக்குள்ளும் பின்னணி தெரியும். அது வேண்டாமென்றால் பட எடிட்டிங் மென்பொருளில் உடலுக்கு நிறம் நிரப்பி, வெளிப்பகுதியை அழித்து, பி.என்.ஜி. வடிவில் சேமியுங்கள், ஜே.பி.ஜி. வடிவம் ஒளிபுகும் தன்மையைத் தாங்காது.

கேள்வி: எத்தனை டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்வது?

பதில்: படுக்கை வாட்டத்தில் வைத்த ஏ4 தாள் 200-இல் ஏறத்தாழ 2,340 பிக்சல் அகலம் தரும், 1920×1080 காணொளிக்கு அது போதும். படத்துக்குள் நெருங்கிச் செல்லும் காட்சி இருந்தால் மட்டும் 300 வையுங்கள்.