செட்டிநாட்டுக் கைவைத்தியம்: வேலியில் பறித்தது பாதி, கடையில் வாங்கியது பாதி

கேள்வி: செட்டிநாட்டுப் பக்கம் நூறு, இருநூறு வருடங்களுக்கு முன்பு உள்ளூர்ச் செடிகளை மட்டும் வைத்தே எல்லா நோயையும் குணப்படுத்தினார்கள் என்கிறார்களே, என்னென்ன மருந்துகள் அவை? இன்றைக்கும் வீட்டில் செய்துகொள்ளலாமா?

பதில்:

எல்லா நோயையும் குணப்படுத்தவில்லை. உள்ளூர்ச் செடிகளை மட்டும் வைத்தும் செய்யவில்லை. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை மனம்விட்டுப் பேசலாம். எனக்கு அந்த வைத்தியத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு. நான் பள்ளத்தூர்ப் பக்கம் வளர்ந்தவள். அப்பத்தாவுக்கும், அம்மாவைப் பெற்ற ஆயாவுக்கும் கைவைத்தியம் தெரியும். அவர்களிடம் கேட்டது, அப்புறம் சித்த மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்தது, படித்தது எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் மண்ணைப் பார்த்தாலே மருந்து ஏன் இப்படி அமைந்தது என்று புரிந்துவிடும். காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், கானாடுகாத்தான் என்று எந்தப் பக்கம் போனாலும் செம்மண்ணும் செம்புராங்கல்லும்தான். வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை ஊருணியிலும் கண்மாயிலும் தேங்கினால் உண்டு. மற்ற மாதங்களில் வெயில் ஒரு பக்கம், ஆட்டு மந்தை ஒரு பக்கம். இரண்டுக்கும் தப்பிப் பிழைக்கிற செடி பெரும்பாலும் கசக்கும், அல்லது வாடை அடிக்கும், இல்லாவிட்டால் முள்ளோடு இருக்கும். பூச்சியையும் ஆட்டையும் விரட்டுவதற்காக அந்தச் செடி தனக்குள் சேர்த்துவைக்கிற சரக்குதான் பல நேரம் நமக்கு மருந்தானது. வேலிக்கு நட்ட செடியே வைத்தியத்துக்கும் உதவியது இப்படித்தான்.

ஆடாதோடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடு வாய் வைக்காது என்று வேலியோரம் நட்டார்கள். இலையை நடுநரம்பு கிள்ளிப் போட்டுவிட்டு, நாலைந்து மிளகைத் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துத் தேன் விட்டுக் கொடுத்தால் நெஞ்சில் கட்டிய சளி இளகும். இதை வெறும் நம்பிக்கை என்று தள்ள முடியாது. அந்த இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. அதை அடிப்படையாக வைத்து உருவாக்கியதுதான் இன்றைக்கு இருமல் மருந்துகளில் வருகிற ப்ரோம்ஹெக்சின். அதே வாசிசின் கர்ப்பப்பையைச் சுருங்கவும் வைக்கும். "பிள்ளை உண்டானவளுக்கு இதைக் கொடுக்காதே" என்று அப்பத்தா கண்டித்துச் சொன்னதில் இவ்வளவு அர்த்தம் இருக்கிறது. ஒரு செடியை யாருக்குக் கொடுக்கக்கூடாது என்று தெரிந்துவைத்திருப்பதைத்தான் நான் அறிவு என்று மதிக்கிறேன்.

நொச்சியும் வேலிச் செடிதான். மண்பானையில் நொச்சி இலையைப் போட்டுக் கொதிக்கவிட்டு, போர்வைக்குள் உட்கார்ந்து வேது பிடித்தால் தலைப்பாரமும் மூக்கடைப்பும் இறங்கும். நீர்க்கோவைக்கு நொச்சி இலையை அடைத்துத் தலையணை தைப்பார்கள். தானியம் வைக்கிற குதிரில் பூச்சி விழாமல் இருக்கவும் இதே இலைதான். கொசு அதிகமானால் காய்ந்த இலையைப் புகை போடுவார்கள். ஒரே செடி நாலு வேலை பார்த்தது.

ஆவாரை எங்கள் பொட்டல் காட்டில் எந்தக் கோடையிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும். பூவை நிழலில் உலர்த்திப் பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள் சேர்த்து அரைத்துக் குளியல் பொடி. பூவைக் கொதிக்கவைத்து உடல் சூட்டுக்கும் நீர்க்கடுப்புக்கும் குடிநீர். பட்டை தோல் பதனிடப் போனது. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழியை இன்று சர்க்கரை வியாதிக்குப் பொடி விற்கிறவர்கள் எல்லா டப்பாவிலும் அச்சடிக்கிறார்கள். அந்தப் பழமொழியை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மழைக்குப் பின் முளைக்கிறவை தனிக் கூட்டம்: கீழாநெல்லி, குப்பைமேனி, கரிசலாங்கண்ணி, முடக்கத்தான். ஈரம் இருக்கும் வரைதான் பச்சையாகக் கிடைக்கும். அதனால் உலர்த்தி வைப்பதே ஒரு கலையாக இருந்தது. எங்கள் பக்கத்து வீடுகளின் வளவில் நடுவே வெயில் விழும், சுற்றிலும் தாழ்வாரம். வற்றலும் வடகமும் நடுவில் காயும். பச்சிலையைத் தாழ்வார நிழலில்தான் பரப்புவார்கள், வெயிலில் போட்டால் மணமும் குணமும் போய்விடும் என்று. வேரும் பட்டையும் வெயிலில் காயலாம்.

இன்னொரு பங்கு சமையலறைக்குள்ளேயே கரைந்துவிட்டது. தூதுவளை ரசம், முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல். பிரண்டையை யோசித்துப் பாருங்கள். வெறும் கையால் தொட்டாலே அரிக்கும். காரணம் அதிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுவையும் நாரையும் நீக்கி, எண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்து அரைத்தால் அரிப்பு அடங்கிவிடும். இந்த வரிசையில் ஒன்றை விட்டாலும் தொண்டை பிடித்துக்கொள்ளும். பசியில்லாத வயிற்றுக்கு இதைவிட நல்ல துவையல் எனக்குத் தெரியாது.

சரி, கடையில் வாங்கிய பாதிக்கு வருகிறேன். பச்சைக் குழந்தைக்குக் கல்லில் இழைத்துக் கொடுத்த உரை மருந்தில் என்னென்ன இருந்தன? வசம்பு, கடுக்காய், சாதிக்காய், மாசிக்காய், சுக்கு. இதில் ஒன்றுகூட எங்கள் செம்மண்ணில் விளையாது. கடுக்காய் மலைக்காடுகளிலிருந்து வந்தது. வசம்புக்குச் சதுப்பு நிலம் வேண்டும். மாசிக்காய் மேற்கு ஆசியாவின் ஓக் மரங்களில் பூச்சி முட்டையிடுவதால் உண்டாகும் கட்டி. சாதிக்காயின் தாய்நாடு இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். ஊரில் பாதி ஆண்கள் பர்மா, இலங்கை, மலாயா என்று கொண்டுவிற்கப் போன சீமை இது. கடல் தாண்டிய சரக்குக்கு இங்கே மருந்துப் பெட்டியில் எப்போதும் இடம் இருந்தது. "நம் மண்ணில் விளைந்ததே நமக்கு மருந்து" என்று கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் பெரியவர்கள் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. கடுக்காயை வயிற்றுக்கும் கொடுத்தார்கள், ஊறவைத்த தண்ணீரைச் சுண்ணாம்புச் சாந்தில் சேர்த்து வீட்டுச் சுவருக்கும் பூசினார்கள்.

இந்த இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்தது அளவு. என்னைக் கேட்டால், நாம் தொலைத்தது செடிகளைவிட அதிகம் இந்த அளவைத்தான். உரை மருந்தை எடைபோட முடியாது, ஆகவே உரைகல்லில் எத்தனை இழைப்பு என்பதே கணக்கு. குழந்தையின் வயதுக்கும் வயிற்றுக்கும் தக்கபடி ஒவ்வொரு சரக்குக்கும் இழைப்பு கூடும், குறையும். சாதிக்காய் கூடினால் பிள்ளை மயங்கித் தூங்கிவிடும் என்று ஆயா அதில் மட்டும் கையை அடக்குவார். பொடி என்றால் மூன்று விரலால் எடுப்பது திரிகடி, ஐந்து விரல் நுனியாலும் அள்ளுவது வெருகடி. லேகியம் சுண்டைக்காயளவு, கொட்டைப்பாக்களவு. கஷாயம் எட்டுக்கு ஒன்று, அதாவது எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்ற வேண்டும். ஆழாக்கு என்று சொன்னால் சுமார் 168 மில்லி. எதோடு சாப்பிடுவது என்பது அனுபானம்: ஒரே பொடி தேனில் ஒரு வேலை, நெய்யில் இன்னொரு வேலை செய்யும் என்பார்கள். எத்தனை நாள், என்ன பத்தியம் என்பதற்கும் கணக்கு உண்டு.

சுத்தி, அதாவது மருந்துச் சரக்கைச் சுத்தம் செய்வது என்று ஒன்று அதற்கும் முன்னால். "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்பார்கள். சுக்கின் மேல்தோலைச் சீவிவிட வேண்டும், கடுக்காயின் உள்ளே இருக்கும் கொட்டையை நீக்கிவிட வேண்டும். இன்று பாக்கெட்டில் வருகிற பொடியில் இதைச் செய்தார்களா என்று யார் பார்க்கிறார்கள்?

கைவைத்தியம் வேறு, வைத்தியர் மருந்து வேறு என்பதையும் சொல்ல வேண்டும். பற்பம், செந்தூரம் போன்ற மருந்துப் பொடிகளில் உலோகமும் பாஷாணமும் சேரும். அதில் பெண்கள் கை வைக்க மாட்டார்கள். ஊமத்தை, சேராங்கொட்டை போன்றவையும் அப்படியே, தெரிந்த வைத்தியர் கையில் மட்டும்.

எதற்கு இந்த வைத்தியம் போதவில்லை? வாந்திபேதிக்குப் போதவில்லை. பெரியம்மைக்குப் போதவில்லை. வாசலில் வேப்பிலை செருகி, உறவு போகாமல் ஒதுங்கியிருந்து, கடைசியில் வேப்பிலையும் மஞ்சளும் கலந்த தண்ணீர் ஊற்றினார்கள். அரிப்புக்கு இதம், நோய் பரவாமல் இருக்க அந்த ஒதுக்கம் உண்மையாகவே நல்லது. ஆனால் இந்தியாவில் பெரியம்மை 1975-ல் ஒழிந்தது தடுப்பூசியால். பிரசவத்தில் இறந்த தாய்மார்களையும் பேர் வைக்குமுன்னே போன பிள்ளைகளையும் மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். பச்சையாக அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பது பழைய முறை. 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்து நல்ல பலன் இருந்ததாக லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். அதற்குப் பின் பிற நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. காமாலையில் பல வகை உண்டு. ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், அப்போது எதைக் கொடுத்தாலும் அதுதான் குணமாக்கியதாகத் தோன்றும். பித்தக் குழாய் அடைத்து வந்த காமாலை காத்திருந்தால் உயிரை வாங்கும். முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் மற்றது.

இன்று செய்துகொள்ளலாமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சாப்பாடாக மாறிப்போனவற்றைத் தாராளமாகச் செய்யுங்கள்: தூதுவளை, முடக்கத்தான், பிரண்டை, கோடைக்கு நன்னாரி. சாதாரணச் சளிக்கு நொச்சி வேது நல்லது, சின்னக் குழந்தைகளைக் கொதிக்கிற பானை அருகே உட்காரவைக்காமல் இருந்தால் சரி. உரை மருந்து வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர எதுவும் தேவையில்லை என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். வசம்பில் உள்ள பீட்டா அசரோன் எலிகளுக்குக் கட்டி உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். ஆயா இருந்தால் என்னோடு சண்டை போடுவார், ஆனாலும் இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

செடியைப் பறிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. எங்கள் பக்கம் தைலமரக் காடும் சீமைக்கருவேலமும் பொட்டலை எல்லாம் பிடித்துக்கொண்டன. பழைய செடிகள் மிஞ்சியிருப்பது ஐயனார் கோயில் காடுகளிலும், பிரான்மலை போன்ற குன்றுகளிலும், சில பழைய வேலிகளிலும்தான். வேரோடு பிடுங்காமல் இலையை மட்டும் கிள்ளுங்கள். மேலாநெல்லியைக் கீழாநெல்லி என்று நினைத்துப் பறிக்கிறவர்கள் உண்டு. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவு இருக்கிறது, ஒரு கிளையைக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தொடவே வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆவாரம்பூவோ சிறுகுறிஞ்சானோ கூடச் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம், அதனால் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.