லத்தீன் கேட்கும் மகளும் லண்டன் மச்சானும்

சூரிச்சில் இருக்கும் ஒரு தந்தை போன வாரம் மகளோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தார். பிள்ளை மத்துரா, அதாவது பல்கலைக்கழகம் போவதற்கான பள்ளி இறுதிப் பரீட்சை, முடித்துவிட்டாள். மருத்துவத்துக்கான தகுதிப் பரீட்சையில் போதிய புள்ளி வரவில்லை. அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை. லத்தீன் இலக்கியம் படிக்கப் போகிறாளாம். அவளுடைய மத்துரா ஆய்வுக் கட்டுரையே லத்தீன் கவிஞர்கள் முன்னோரைப் பின்பற்றி எழுதிய விதம் பற்றியது. "காப்பியடிக்கிறதைப் பற்றியா ஐந்து வருஷம் படிக்கிறது?" என்று கேட்டார் தந்தை. லண்டன் அக்காவின் மகன் டொக்டர். ஹங்கேரியில் காசு கட்டியாவது பிள்ளையைச் சேர்த்துவிடு என்பது அக்காவின் கட்டளை.

அண்ணா, கவலை புரிகிறது. ஆனால் கடன் எடுத்து ஹங்கேரிக்கு அனுப்புவது பிழை. ஆறு வருடக் கட்டணம், தங்குமிடம், வட்டி எல்லாம் உங்கள் தலையில். படிக்கப் போகிறவளோ வேண்டாம் என்கிறாள். சூரிச் பல்கலைக்கழகத்தில் அரையாண்டுக் கட்டணம் சுமார் 720 பிராங். வீட்டிலிருந்தே போய் வரலாம். இந்தக் கணக்கை அக்காவுக்கு அனுப்புங்கள்.

சரி, அந்தக் 'காப்பி'க்கு வருவோம். ரோமக் கவிஞர் கத்துல்லுஸின் ஒரு பாட்டில், வானத்தில் நட்சத்திரமாகிவிட்ட ஓர் அரசியின் கூந்தல் கற்றை பேசுகிறது: "அரசியே, விருப்பமில்லாமல்தான் உன் தலையை விட்டுப் பிரிந்தேன்." அந்தப் பாட்டே கிரேக்கக் கவிஞர் கல்லிமாக்கஸைத் தழுவியது. சில பத்தாண்டுகள் கழித்து இன்னொரு ரோமக் கவிஞர் வேர்ஜில் தன் காவியத்தின் ஆறாம் காண்டத்தில் கதாநாயகன் ஏனியாஸைப் பாதாள உலகத்துக்குக் கொண்டுபோகிறார். எதிரே அரசி தீதோ, அவன் விட்டுப் போனதால் உயிரை மாய்த்துக்கொண்டவள். அவன் சொல்கிறான்: "அரசியே, விருப்பமில்லாமல்தான் உன் கரையை விட்டுப் பிரிந்தேன்." தலை இருந்த இடத்தில் கரை, கிட்டத்தட்ட அவ்வளவுதான் மாற்றம். ஒரு முடிக்கற்றையின் சிணுங்கல் எப்படி இங்கே வந்து நெஞ்சை அறுக்கிறது என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். உங்கள் மகள் இந்த இரண்டு வரிக்கு மட்டும் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறாள். நான் வாசித்தேன்.

பின்பற்றி எழுதுகிறவன் மூலத்துக்கு உருவப்படம் போல இருக்கக் கூடாது, தகப்பனுக்கு மகன் போல இருக்க வேண்டும் என்றார் ரோமத் தத்துவஞானி செனெக்கா. 1,300 வருடம் கழித்து இத்தாலியக் கவிஞர் பெத்ராக் அதே உவமையை எடுத்து எழுத்தாளர் பொக்காச்சியோவுக்குக் கடிதம் எழுதுகிறார். (பின்பற்றுவது பற்றிய உவமையையே பின்பற்றுகிறார், பாருங்கள்.) பிளாரன்ஸில் கவிஞர் பொலிசியானோவுக்குக் கோபமே வந்துவிட்டது. நீ ரோமப் பேச்சாளர் சிசரோ மாதிரி எழுதவில்லையே என்று யாரும் கேட்டால், நான் சிசரோ இல்லையே, என்னைத்தானே சொல்கிறேன் என்கிறார். லண்டன் மச்சானைக் காட்டிக் காட்டி நீங்கள் பேசியபோது உங்கள் மகளின் முகத்தில் கண்டதும் இதைத்தான்.

பிழைப்புக்கு வழி? வங்கி, கணினி பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யாரும் பார்க்காத வழி ஒன்று ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது: செங்காலன் மடத்து நூலகம். 1416இல் இத்தாலிய அறிஞர் போஜியோ அங்கே ஒரு கோபுரத்தின் அடியில், இருட்டறையில், ரோமப் பேச்சுக்கலை ஆசிரியர் குயின்டிலியனின் முழு நூலைக் கண்டெடுத்தார். பின்பற்றி எழுதுவது பற்றித் தனி அத்தியாயமே உள்ள நூல் அது. உட்கார்ந்து தன் கையாலேயே பிரதி எடுத்தார். இன்று அங்கே சுமார் 2,100 கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. பலவற்றை இணையத்திலேயே பார்க்கலாம். பழைய எழுத்தைப் படித்து, பிரதிகளை ஒப்பிட்டு, விவரப் பட்டியல் எழுத லத்தீன் தெரிந்த ஆள் வேண்டும். மியூனிக்கில் 1894இல் தொடங்கிய பெரிய லத்தீன் அகராதி இன்னும் முடியவில்லை. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் மறுமலர்ச்சிக் காலம் முதலான லத்தீனுக்கென்றே 2011இல் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள்.

இவையெல்லாம் எண்ணிக்கையில் குறைந்த வேலைகள், மறைக்க மாட்டேன். அதனால் மகளுக்கும் ஒரு நிபந்தனை போட்டேன்: இரண்டாவது பாடமாக ஜெர்மனோ வரலாறோ எடுக்க வேண்டும், முதுகலைக்குப் பிறகு கிம்னாசிய (மத்துராவுக்குத் தயார்படுத்தும் பள்ளி) ஆசிரியர் டிப்ளோமாவும் முடிக்க வேண்டும். இரண்டு பாடம் படிப்பிக்கக்கூடியவருக்குக் கதவு கூடுதலாகத் திறக்கும். முகத்தைச் சுளித்தாள், பிறகு வரலாறு என்றாள்.

கட்டுரை ஜெர்மனில் இருக்கிறது. நீங்கள் இன்னும் திறந்து பார்க்கவில்லையாம். வருகிற ஞாயிறு மகளைப் பக்கத்தில் இருத்தி, அந்த எட்டுப் பக்கத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அதுவரை ஹங்கேரிக்கு முற்பணம் கட்ட வேண்டாம்.