பாக்கெட் இறாலும் அதில் இருக்கும் தண்ணீரும்

உறைந்த இறால் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

அரைக் கிலோ பாக்கெட் வாங்கினேன். உருகிய பிறகு தராசில் வைத்தால் 380 கிராம்தான் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, ஈரோடு

அந்த எடையை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. தனித்தனியாக உறைய வைக்கும் இறாலின் மேல் மெல்லிய பனிப்படலம் ஒன்றை வேண்டுமென்றே ஏற்றுவார்கள். காற்றுப் பட்டு இறால் வறண்டு போகாமல் காப்பது அதுதான். ஆனால் பாக்கெட்டில் போட்டிருக்கும் 'நிகர எடை' இந்தப் பனியைச் சேர்க்காத எடையாக இருக்க வேண்டும்.

சோதிப்பது சுலபம். உறைந்த இறாலை அப்படியே சல்லடையில் கொட்டுங்கள். குளிர்ந்த குழாய்த் தண்ணீரை மெல்ல விட்டு, மேலே வழவழக்கும் பனி போனதும் உடனே நிறுத்துங்கள். உள்ளே சதை கல்லாகவே இருக்க வேண்டும். சல்லடையைச் சாய்த்து 2 நிமிடம் வடியவிட்டு எடை போடுங்கள். நீங்கள் போட்டதுபோல் முழுக்க உருகிய பின் எடை பார்த்தால், சதைக்குள்ளிருந்து வடிந்த நீரும் கழிந்துவிடும்; அது சரியான கணக்கு ஆகாது. பனி மட்டும் நீங்கிய எடையே நன்றாகக் குறைந்தால் பில்லையும் பாக்கெட்டையும் பத்திரப்படுத்தி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். விட்டுவிடாதீர்கள்.

வாங்கும்போதே பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள். இறால்கள் கூழாங்கல் போலத் தனித்தனியாக உருள வேண்டும். எல்லாம் ஒட்டி ஒரே கட்டியாக இருந்தாலோ, கவருக்குள் பனித்தூள் குவிந்திருந்தாலோ, வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஓரங்களில் வெள்ளை வெள்ளையாக வறண்ட திட்டுகள் தெரிந்தால் அதுவும் வேண்டாம். சமைத்தால் நார்போல் இருக்கும்.

வறுக்கப் போட்டால் வாணலியில் குளம்போல் தண்ணீர் விடுகிறது. சிவக்கவே மாட்டேன் என்கிறது. ஏன்?
– வாசகர், மதுரை

பாக்கெட்டின் பின்னால் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். 451, 452 என்ற எண்களோ, பாஸ்பேட் என்ற சொல்லோ இருக்கக்கூடும். இந்த உப்புகள் சதையைத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளச் செய்பவை. அளவோடு சேர்த்தால் உறைந்து உருகும்போது இறால் வறளாமல் காக்கும். அளவு மீறினால் நீங்கள் இறால் விலைக்குத் தண்ணீர் வாங்குகிறீர்கள். அப்படிப்பட்ட இறால் பச்சையாக இருக்கும்போது கண்ணாடிபோல் பளபளக்கும், தொட்டால் சோப்புப்போல் வழுக்கும், வெந்தபின் ரப்பர்போல் துள்ளும். இறால் வாசம் குறைவாகவே இருக்கும். எங்கள் யோசனை: சேர்மானத்தில் 'இறால்' அல்லது 'இறால், உப்பு' என்று மட்டும் இருப்பதைத் தேடி வாங்குங்கள்.

கையில் இருப்பதை வீணாக்க வேண்டாம், குழம்புக்குப் போடுங்கள். வறுத்தே ஆகவேண்டும் என்றால் பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து, நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லில் ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் போடாமல் வறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கல்லின் சூடு தணிந்து, தன் நீரிலேயே வெந்துவிடும்.

பட்டியலில் 223 என்றோ சல்பைட் என்றோ இருந்தால் அது ஓடு கறுக்காமல் இருக்கச் சேர்ப்பது. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அந்தப் பாக்கெட் வேண்டாம்.

21/25, 31/40 என்றெல்லாம் போட்டிருக்கிறார்களே, அது என்ன?
– வாசகி, திருச்சி

ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு எத்தனை இறால் என்ற கணக்கு. எண் கூடக் கூட இறால் பொடிசு. கிலோவுக்கு எத்தனை என்று தெரிய 2.2 ஆல் பெருக்குங்கள்: 31/40 என்றால் கிலோவுக்கு ஏறக்குறைய 68 முதல் 88 வரை. தொக்குக்கும் பிரியாணிக்கும் இந்த அளவு போதும். 21/25 வறுவலுக்கு நன்றாக இருக்கும். சுரைக்காயோடு சமைக்கவும் வடைக்கும் 71/90 வாங்கினால் காசு மிச்சம்.

விருந்தாளி வந்துவிட்டால் வெந்நீரில் போட்டு உருக்கலாமா?
– வாசகி, தூத்துக்குடி

கூடாது. வெளிப்புறம் வெந்து, நடுவில் பனி அப்படியே இருக்கும். அரை மணி நேரம் இருந்தால் போதும்: இறாலை ஜிப் கவரில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, ஒரு பாத்திரம் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, மேலே ஒரு தட்டைப் பாரமாக வையுங்கள். 15 நிமிடத்தில் தண்ணீரை மாற்றுங்கள். அரைக் கிலோ 20 முதல் 30 நிமிடத்தில் உருகிவிடும். கவர் இல்லாமல் நேரே தண்ணீரில் ஊறப்போட்டால் சுவை தண்ணீரோடு போகும்.

அவசரம் இல்லையென்றால் முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், சல்லடையில் போட்டுக் கீழே கிண்ணம் வைத்து மூடிவிடுங்கள். வடிகிற நீரிலேயே இறால் கிடக்கக் கூடாது. காற்றில்லாமல் உறிஞ்சி அடைத்த பாக்கெட்டாக இருந்தால் உருக்கும் முன் கவரைப் பிரித்துவிட வேண்டும். காற்றில்லாத இடத்தில் வளரும் நச்சுக் கிருமிக்குப் பிரிக்காத கவர் இடம் கொடுக்கும்.

தொக்கு செய்தால் இறால் சுருண்டு ரப்பராகிவிடுகிறது.
– வாசகி, காரைக்குடி

மசாலாவோடு இறாலையும் சேர்த்து வதக்குகிறீர்கள். மசாலாவுக்கு 20 நிமிடம் வேண்டும், இறாலுக்கு 3 நிமிடம்தான். உரித்த இறால் அரைக் கிலோவுக்கு உப்பு 1 டீஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன் பிசறி 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து, துணியில் ஒற்றி எடுங்கள். இந்த உப்பைக் கணக்கில் வைத்து மசாலாவில் குறைத்துப் போடுங்கள். கால் கிலோ சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, 2 தக்காளி, மிளகாய்த்தூள் எல்லாம் சுருண்டு எண்ணெய் பிரிந்து நிற்கட்டும். பிறகு இறாலைப் போட்டு, தீயைக் கூட்டிப் பிரட்டுங்கள். வளைந்து ஆங்கில 'சி' எழுத்துப்போல் நின்று, சதை கண்ணாடித் தன்மை போய் வெள்ளையானதும் இறக்குங்கள். முழு வட்டமாகச் சுருண்டால் நேரம் கடந்துவிட்டது. சட்டியின் சூட்டிலும் கொஞ்சம் வேகும் என்பதால், சற்று முன்பே இறக்குவது நல்லது.

எலுமிச்சைச் சாற்றில் முன்கூட்டி ஊறவைக்காதீர்கள். புளிப்பு சதையை இறுக்கிவிடும், பரிமாறும்போது பிழியுங்கள்.

ஓட்டில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் கெட்டதா?
– வாசகர், கடலூர்

அது ஆப்பிள் வெட்டினால் கறுக்கிறதே, அதே மாதிரி இறாலின் நொதியால் வருவது. கிருமி இல்லை. ஆனால் பிடித்த பின் பதப்படுத்தத் தாமதமானதைக் காட்டும். உருகியதும் முகர்ந்து பாருங்கள்: கடல் வாசம் வந்தால் சமைக்கலாம், அமோனியா நெடி வந்தால் தூர எறியுங்கள்.

உருக்கியதில் பாதி மிச்சம். மறுபடி ஃப்ரீசரில் வைக்கலாமா?
– வாசகி, சேலம்

ஃப்ரிட்ஜுக்குள்ளேயே உருகியதென்றால் வைக்கலாம், ஆனால் சதை தளர்ந்துவிடும். தண்ணீரில் உருக்கியதையும் மேடையில் கிடந்ததையும் பச்சையாக மறுபடி உறைய வைக்காதீர்கள். தண்ணீரில் உருக்கியதை உடனே சமைத்து, ஆறியதும் அந்தக் குழம்பை ஃப்ரீசரில் வையுங்கள்.