மலாய்ச் சொல் கடினமா, கணினி கடினமா?

கேள்வி: என் மகன் தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படித்தவன். இப்போது இடைநிலைப்பள்ளியில் முதல் வருடம், படிவம் 1. அசாஸ் சைன்ஸ் கொம்புத்தர் (அடிப்படைக் கணினி அறிவியல்) பாடத்தில் 38 புள்ளிதான் வாங்கியிருக்கிறான். வீட்டில் கணினி இல்லாததுதான் காரணம் என்று அழுகிறான். தொழிற்சாலைச் சம்பளத்தில் மடிக்கணினி வாங்குவது எனக்குச் சிரமம். வாங்கித்தான் ஆகவேண்டுமா?
- ஒரு தாய், பிறை

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அக்கா. அந்தப் பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

படிவம் 1 பாடத்தில் முதலில் வருவது சிந்திக்கும் முறை, அப்புறம் 0, 1 மட்டும் வைத்து எழுதும் இரும எண்கள், படத்தின் அளவு, ஒலியின் அளவு, அப்புறம் படிமுறை எழுதுவது, கடைசியில்தான் ஸ்க்ராட்ச், பைத்தான் மாதிரி நிரல் வேலை. கடைசிப் பகுதியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பென்சிலும் தாளும் வைத்தே படித்துவிடலாம். தம்பிக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆறு வருடம் கணக்கைத் தமிழில் யோசித்துப் பழகிய பிள்ளை, புத்தகத்தைத் திறந்ததும் லெராயான், பெங்கெச்சாமான் சோராக், பெனிஸ்காலாஆன், பெங்கித்லாக்கான் என்று நான்கு சொல்லைப் பார்க்கிறான். மலாய்க்காரப் பிள்ளைகளின் வீட்டிலும் இவை தினமும் புழங்கும் சொற்கள் இல்லை. இவன் அதை மனப்பாடம் செய்திருப்பான், தேர்வில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டதும் தடுமாறியிருப்பான்.

இன்று ராத்திரி அவனை உட்காரவைத்து, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பாதையில் தண்ணீர்ப் பந்தல் போடுவதைப் பற்றிப் பேசுங்கள். பந்தல் போடுவது என்ற பெரிய வேலையை மேசை, குவளை, மோர், பனிக்கட்டி, ஆள் என்று பிரிக்கிறோமே, அதுதான் லெராயான். வெயில் ஏற ஏறக் கூட்டம் அதிகம் குடிக்கிறது, ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் என்று கவனிப்பது பெங்கெச்சாமான் சோராக். வருகிறவர் யார், எந்த ஊர், என்ன நிறச் சட்டை என்பதெல்லாம் நமக்குத் தேவையில்லை, எத்தனை பேர் என்பது மட்டும் போதும் என்று தேவையற்றதை ஒதுக்குவது பெனிஸ்காலாஆன். இதே கணக்கைக் கோயில் அன்னதானத்துக்கும் பயன்படுத்தலாம் என்று பொதுவான வழியாக மாற்றினால் பெங்கித்லாக்கான். முதலில் தமிழில் புரியட்டும். புரிந்ததற்கு மலாய்ப் பெயர் வைப்பது ஒரு வாரத்து வேலை, புரியாத பெயருக்குப் பொருள் தேடினால் வருடம் முழுக்க ஓடும்.

இரும எண்ணுக்கும் வழி இருக்கிறது. தாளை வெட்டி 16, 8, 4, 2, 1 ரிங்கிட் நோட்டுகள் செய்யுங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் உண்டு. 13 ரிங்கிட் கொடு என்று கேளுங்கள். 16 ஆகாது, 8 எடுப்பான், 4 எடுப்பான், 2 வேண்டாம், 1 எடுப்பான். எடுத்ததற்கு 1, எடுக்காததற்கு 0 என்று எழுதினால் 01101, முன்னால் உள்ள 0 விழுந்தால் 1101. பள்ளியில் இரண்டால் வகுத்து மீதியைக் கீழிருந்து மேலே படிக்கச் சொல்லியிருப்பார்கள், அதுவும் சரிதான், ஆனால் ஏன் கீழிருந்து என்று கேட்டால் பல பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது. நோட்டு விளையாட்டில் அந்தக் குழப்பமே வராது.

பைத்தானுக்கு உங்கள் கைப்பேசியே போதும், உலாவியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். ஸ்க்ராட்ச் இலவசம்தான், ஆனால் சின்னத் திரையில் அதன் கட்டளைக் கட்டைகளை இழுத்துச் சேர்ப்பது எரிச்சலாக இருக்கும். அதற்குப் பள்ளிக் கணினி அறையில் கூடுதல் நேரம் கேட்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் செபராங் ஜெயாவில் பொது நூலகம் இருக்கிறது, அங்கேயும் கணினி வசதி பற்றிக் கேட்டுப் பாருங்கள். 38 புள்ளியை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். படிவம் 3-இல் எழுதிவந்த பிடி3 தேர்வே 2022-இல் ரத்தாகிவிட்டது, அவனுக்கு நிறைய நேரம் இருக்கிறது.

கேள்வி: நான் படிவம் 3. அடுத்த வருடம் சைன்ஸ் கொம்புத்தர் (கணினி அறிவியல்) எடுக்க ஆசை. எடுக்காவிட்டால் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்க முடியாது என்று தோழிகள் சொல்கிறார்கள். எங்கள் பள்ளியில் அந்தப் பாடமே இல்லை.
- மாணவி, ஜெலுத்தோங்

பதில்: தோழிகள் சொல்வதை நம்பாதேம்மா. எல்லாப் பள்ளியிலும் இந்தப் பாடம் கிடையாது என்பது பல்கலைக்கழகங்களுக்கும் தெரியும். அதைவிடக் கூடுதல் கணிதத்தைத்தான் பல இடங்களில் பார்க்கிறார்கள், அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதே. படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வுக்கான இந்தப் பாடத்தில் ஜாவா நிரல்மொழி, தரவுத்தளம், படிவம் 5-இல் இணையப் பக்கங்களுக்கான ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி எல்லாம் வரும். அவற்றை நீயாகவும் படிக்கலாம், வாரத்தில் இரண்டு மாலை ஒதுக்கினால் போதும்.

கேள்வி: பைத்தானில் சொல்லின் நீளத்தை எண்ண len("அம்மா") என்று போட்டேன். மூன்று எழுத்துதானே, ஆனால் 5 என்று வருகிறது. பைத்தானுக்குத் தமிழ் தெரியாதா?
- படிவம் 2 மாணவன், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, இந்த வாரம் வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். தப்பு வந்ததும் விட்டுவிடாமல் ஏன் என்று கேட்டாயே, அப்படியே இரு.

பைத்தான் பொய் சொல்லவில்லை, நீயும் தப்பாக எண்ணவில்லை, நீங்கள் இருவரும் வேறு வேறு பொருளை எண்ணுகிறீர்கள். நீ அ, ம், மா என்று எண்ணுகிறாய். கணினிக்குள் தமிழ், உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் இருக்கிறது, அதன் முதல் பதிப்பு 1991-இல் வந்தபோதே தமிழும் அதில் இருந்தது. அந்த முறையில் மெய்யெழுத்துக்குத் தனி இடம் கிடையாது, ம என்று எழுதிப் பக்கத்தில் புள்ளியைத் தனிக் குறியாக வைக்கவேண்டும். மா என்பதும் அப்படியே, ம ஒன்று, கால் ஒன்று. அதனால் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து. "தமிழ்" போட்டுப் பார், அதற்கும் 5 வரும்.

தொல்காப்பியம் படித்தவர்கள் இதைப் பார்த்துச் சண்டைக்கு வருவார்கள், ஏனென்றால் இலக்கணத்தில் மெய்தான் அடிப்படை, அதோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது. யூனிகோடு இதற்குத் தலைகீழாக அகரமேறிய உயிர்மெய்யை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. எனக்கும் அதில் வருத்தம் உண்டு. ஆனால் தமிழ் கணினியில் வருவதற்கு யாராவது உட்கார்ந்து இப்படியெல்லாம் முடிவெடுத்துத்தான் ஆகவேண்டியிருந்தது. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல், யூனிகோடு பிறப்பதற்கு முன்பே, கணினியில் தமிழ் எழுத உதவும் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார் என்பது உனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இனி நீயே மூன்று வரவழைக்கலாம். பைத்தானோடு வரும் யூனிகோடுடேட்டா (unicodedata) என்ற தொகுதியில் கேட்டகரி (category) என்று ஒரு செயற்கூறு இருக்கிறது, புள்ளிக்கும் காலுக்கும் கொம்புக்கும் அது எம் (M) என்று தொடங்கும் விடையைத் தரும். சொல்லின் ஒவ்வொரு குறியாகப் பார்த்து, எம் வந்தால் எண்ணாதே, வராவிட்டால் ஒன்று கூட்டு. "அம்மா"வுக்கு 3 வந்துவிடும். அது வந்ததும் "பக்ஷி" போட்டுப் பார், அப்புறம் "ஸ்ரீ" போட்டுப் பார். என்ன வருகிறது, அதை எப்படிச் சரிசெய்தாய் என்று எனக்கு எழுது.