மலிவான போன் அடிக்கடியா, நல்ல போன் ஒரே தடவையா?

கேள்வி: இரண்டு வருடத்துக்கு ஒரு மலிவான போன் என்று மாற்றிக்கொண்டே இருக்கிறேன். இரு மடங்கு விலையில் ஒன்று வாங்கி ஆறு வருடம் ஓட்டினால் லாபமா? தவணையில் எடுக்கலாமா?

பதில்: கணக்குப்படி லாபம்தான். மலிவான போனின் விலை 100 என்றால் ஆறு வருடத்தில் மூன்று போனுக்கு 300. உங்கள் புதிய திட்டத்தில் போனுக்கு 200, நடுவில் பேட்டரி மாற்ற 15 என்று வைத்தாலும் 215தான்.

ஆனால் ஆறு வருடம் ஓடுமா என்பதை விலை சொல்லாது. பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம், எந்த வருடம் வரை என்று முதலில் பாருங்கள். அது நின்ற போனில் வங்கிக் கணக்கை வைத்திருப்பது ஆபத்து. பலர் ஏமாறும் இடமும் இதுதான்: அப்டேட் தருவதாகச் சொல்லும் வருடங்கள் மாடல் வெளியான நாளிலிருந்து ஓடுகின்றன, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. சாம்சங் கேலக்ஸி எஸ்24 ஜனவரி 2024-இல் 7 வருட வாக்குறுதியோடு வந்தது. ஜனவரி 2027-இல் தள்ளுபடியில் வாங்கினால் கையில் இருப்பது நான்கே வருடம். விலை பாதியாக இறங்கியிருந்தால் வாங்கலாம். கால்வாசிதான் இறங்கியிருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள்.

விலை குறைந்த கேலக்ஸி ஏ16-க்கும் 6 வருட அப்டேட் உண்டு. அப்டேட் வந்தாலும் 4 ஜிபி ரேம் அத்தனை காலம் தாங்காது. 8 ஜிபி எடுங்கள். மெமரி கார்டு போட வழியில்லாவிட்டால் சேமிப்பிடம் 256 ஜிபி. அது யுஎஃப்எஸ் (UFS) என்ற வேகமான வகையா என்றும் பாருங்கள். இஎம்எம்சி (eMMC) வகை மெதுவானது, நிரம்ப நிரம்ப இன்னும் திணறும்.

மூன்றாம், நான்காம் வருடத்தில் 30 சதவீதம் சார்ஜ் காட்டும்போதே, கேமராவைத் திறந்ததும் போன் அணைந்துபோகலாம். உடனே புதுசு வாங்க ஓடாதீர்கள். பழைய பேட்டரியில் உள்மின்தடை கூடிவிடுவதால், திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்து போன் அணைகிறது. பெரும்பாலும் பேட்டரியை மாற்றினால் போதும். அதற்கான தொகையை வாங்கும் நாளிலேயே தனியாக எடுத்து வையுங்கள்.

தவணை என்றால் உத்தரவாதக் காலத்துக்குள், பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள், முடிகிற மாதிரி எடுங்கள். வட்டியில்லாத் தவணை என்றாலும், மொத்தமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடியையும் தவணைக்கான செயலாக்கக் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள். அதுதான் நீங்கள் கட்டும் வட்டி.