தாய்ப்பால் நிறுத்திய பிறகு சரியான பிரா அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: மகளுக்குப் பால்குடி மறக்கடித்து ஒரு மாதம் ஆகிறது. கர்ப்பத்துக்கு முன்பு போட்ட 34 பி-யை இப்போது போட்டால் கப்பின் மேல்பக்கம் காலியாக நிற்கிறது, ஆனால் முதுகில் இறுக்குகிறது. பாலூட்டும்போது போட்ட 38 சி தொளதொளவென்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் எதை வாங்குவது?

மேலே காலியாக இருக்கிறதே என்று ஒரு கப் குறைத்து வாங்கிவிடாதீர்கள். இதை முதலிலேயே சொல்லக் காரணம், நான் அதைத்தான் செய்தேன். என் இரண்டாவது பிள்ளை பால்குடி மறந்தபோது எனக்கும் 34 பி-யின் மேல்பக்கம் மடங்கி நின்றது. மார்பு சுருங்கிவிட்டது, இனி ஏ கப்தான் என்று முடிவுகட்டி 36 ஏ வாங்கினேன். முதுகுப் பக்கம் பட்டை மேலே மேலே ஏறியது. ஸ்ட்ராப் தோளிலிருந்து நழுவியது. நழுவாமலிருக்க அதை இறுக்கினேன், சாயங்காலத்துக்குள் இரண்டு தோளிலும் சிவந்த தடம் விழுந்தது. என் உடம்புதான் கெட்டுப்போய்விட்டது, இனி எதுவும் பொருந்தாது என்று நினைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு வருடம் அப்படியே ஓட்டினேன். பிறகு ஒருநாள் இன்ச் டேப் எடுத்து ஒழுங்காக அளந்தபோது கிடைத்த அளவு 34 சி. ஏ இல்லை, பி கூட இல்லை.

இது எப்படி என்று அன்றைக்கு எனக்கும் விளங்கவில்லை. கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் பால்சுரப்பிகள் வளர்கின்றன, தோல் அதற்கேற்ப விரிகிறது. நிறுத்தியதும் சுரப்பிகள் சுருங்குகின்றன. அந்த இடத்தைக் கொழுப்பு மெதுவாகத்தான் நிரப்புகிறது, பலருக்கு முழுவதுமாக நிரப்புவதும் இல்லை. தோலும் உள்ளிருக்கும் திசுவும் முன்பைவிட மிருதுவாகிவிடுகின்றன. மார்பின் மேல்பாதி தட்டையாகி, கனம் கீழே இறங்கி நிற்கிறது. அளவு குறைந்ததைவிட அது உட்கார்ந்திருக்கும் இடம் மாறியதுதான் பெரிய மாற்றம். பழைய கப்பின் அடிப்பக்கம் இந்தக் கனத்துக்குப் போதாமல் போனால், மார்பு கப்பை உடம்பிலிருந்து முன்னால் தள்ளுகிறது. தள்ளப்பட்ட கப்பின் மேல்விளிம்பு திறந்துகொள்கிறது. ஆகவே கப் பெரிதாக இருந்தாலும் மேலே இடைவெளி வரும், சிறிதாக இருந்தாலும் வரும். கண்ணாடியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அங்கேதான் நான் ஏமாந்தேன்.

சரி, அளப்பதற்கு வருவோம். கனமான பேட் இல்லாத மெல்லிய பிரா ஒன்றோடு, அல்லது எதுவும் போடாமல் அளக்கலாம். முதலில் மார்புக்கு நேர் கீழே, விலா எலும்பின் மேல் டேப்பைச் சுற்றுங்கள். மூச்சை வெளியே விட்டபின், டேப் முதுகில் மேலேறாமல் சுற்றிலும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி, கொஞ்சம் இறுக்கமாகப் பிடித்து அளக்க வேண்டும். வரும் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் இரட்டைப்படை எண்தான் உங்கள் பட்டை அளவு. எனக்கு 33.5 வந்தது, 34 என்று எடுத்துக்கொண்டேன். 33 போல நடுவில் விழுந்தால் 32, 34 இரண்டையும் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இந்த எண்ணோடு 4 அல்லது 5 இன்ச் கூட்டச் சொல்லும் பழைய முறை ஒன்று இன்னும் பல அட்டவணைகளில் இருக்கிறது. அதைப் பின்பற்ற வேண்டாம் என்பேன். அப்படிக் கூட்டினால் பட்டை தேவைக்குமேல் பெரிதாகும், கப் தேவைக்குமேல் சிறிதாகும். பிராவில் மார்பைத் தாங்குவதில் பெரும்பங்கு பட்டையுடையது, ஸ்ட்ராப்புக்குச் சிறு பங்குதான். பட்டை தளர்ந்தால் அந்தப் பாரம் முழுவதும் தோளுக்குப் போகிறது. குழந்தையைத் தூக்கித் தூக்கி ஏற்கெனவே ஓய்ந்துபோன தோள் அது.

அடுத்தது மார்பின் சுற்றளவு. இங்கேதான் பாலூட்டி முடித்தவர்களுக்கு வழக்கமான முறை தவறிப்போகிறது. நேராக நின்று அளந்தால், மிருதுவாகிக் கீழே இறங்கியிருக்கும் மார்பு டேப்புக்குள் முழுதாக வருவதில்லை. அதனால் இரண்டு முறை அளக்க வேண்டும். ஒருமுறை நேராக நின்று. இன்னொரு முறை இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, முதுகு தரைக்கு இணையாக இருக்கும்படி, மார்பு கீழே தளர்ந்து தொங்கும்போது முலைக்காம்பின் மட்டத்தில் டேப்பை அழுத்தாமல் சுற்றி. எனக்கு நின்றபோது 35.5, குனிந்தபோது 38. இரண்டரை இன்ச் வித்தியாசத்தைப் பார்த்துத் தவறாக அளந்துவிட்டேனோ என்று திரும்பவும் அளந்தேன், அதேதான் வந்தது. இரண்டுக்கும் சராசரி 36.75. அதிலிருந்து பட்டை அளவான 34-ஐக் கழித்தால் 2.75, கிட்டத்தட்ட 3. வித்தியாசம் 1 இன்ச் என்றால் ஏ, 2 என்றால் பி, 3 என்றால் சி, 4 என்றால் டி. அதற்கு மேலே போனால் எழுத்துகள் நாட்டுக்கு நாடு மாறும், எனவே அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சென்டிமீட்டரில் 70, 75, 80 என்று போட்டிருக்கும் ஐரோப்பிய அளவுகள் நமக்குத் தெரிந்த 32, 34, 36-க்கு இணை.

கப் எழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் மனம் உடைவது இந்த இடத்தில்தான். ஏ, பி, சி, டி என்று கப்புக்கு எழுத்து வைப்பதே 1930களில் வந்த வழக்கம். அந்த எழுத்துக்குத் தனியாக எந்த அளவும் கிடையாது, பட்டையோடு சேர்ந்தால்தான் அர்த்தம். 34 சி, 36 பி, 38 ஏ மூன்றிலும் கப் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு. இதைத் தெரிந்துகொண்டால் கடையில் பாதி வேலை முடிந்தது. கப் சரியாக இருந்து பட்டை இறுக்கினால், பட்டையில் ஒரு அளவு கூட்டி, எழுத்தில் ஒன்று குறையுங்கள். பட்டை தளர்ந்தால் அதற்கு நேர்மாறு.

டேப் சொல்லும் அளவு தேடலைத் தொடங்கத்தான். உறுதி செய்வது போட்டுப் பார்த்து. புதுப் பிராவை எப்போதும் கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான வரிசையில் மாட்டிப் பாருங்கள். போகப்போக எலாஸ்டிக் நெகிழும், அப்போது உள்வரிசைக்கு மாறலாம். முன்னால் குனிந்து, கையைக் கப்புக்குள் விட்டு, அக்குள் பக்கம் ஒதுங்கியிருக்கும் சதையையெல்லாம் கப்புக்குள் எடுத்துவிட்டு நிமிருங்கள். இந்த ஒரு அசைவை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, எத்தனையோ வருடம் பிரா போட்டும் தெரியாது. மேலே இடைவெளி ஏன் வருகிறது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். சதையை எடுத்துவிட்டதும் இடைவெளி மறைந்து, விளிம்பில் பிதுங்கினால் கப் சிறிது. எடுத்துவிட்ட பிறகும் துணி சுருங்கி நின்றால் கப் பெரிது, இல்லையென்றால் அந்தக் கப்பின் வடிவம் உங்களுக்கு ஒத்துவரவில்லை. பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்குமேல் வேண்டாம். பக்கவாட்டில் நின்று பார்த்தால் முதுகிலும் முன்னாலும் பட்டை ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கம்பி வைத்தது என்றால் இரண்டு கப்புக்கும் நடுவில் உள்ள பகுதி நெஞ்செலும்பில் ஒட்டி உட்கார வேண்டும், கம்பி எங்கேயும் மார்புச் சதையின் மேல் ஏறக் கூடாது.

அப்புறம் வடிவம். அளவு சரியாக இருந்தும் மேலே இடைவெளி விடாமல் வந்தால் மாற்ற வேண்டியது மாடலைத்தான். ஸ்பாஞ்ச் வைத்து ஏற்கெனவே உருண்டையாக வார்த்த கப், மார்பின் மேல்பாதியும் நிறைவாக இருக்கும் என்ற கணக்கில் செய்தது. மேல்பாதி இளகியவர்களுக்கு அது காலிப் பாத்திரம் மாதிரி நிற்கும். எனக்குப் பொருந்தியது இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டித் தைத்த, தையல் வைத்த கப். மேல்துண்டு மட்டும் கொஞ்சம் இழுபடும் லேஸ். அது உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. கப்பின் உயரம் குறைவாக உள்ள பால்கனெட் வகையும் கீழ்ப்பக்கம் கனமானவர்களுக்கு நன்றாக அமையும். சட்டைக்கு மேல் தையல் தெரியுமே என்ற தயக்கம் எனக்கும் இருந்தது, ஆனால் பொருந்தாத கப்பின் மடிப்பு அதைவிட அதிகமாகத் தெரிகிறது.

உங்களுக்கு ஒரு மாதம்தானே ஆகிறது? அப்படியென்றால் இப்போதே நாலைந்து வாங்கி அடுக்காதீர்கள். பால் வற்றுவது சிலருக்குச் சில வாரம், சிலருக்கு மாதக்கணக்கில் சொட்டு சொட்டாக வரும். மார்பு ஒரு நிலைக்கு வர இன்னும் இரண்டு மூன்று மாதம் கொடுங்கள். அதுவரை கம்பி இல்லாத, இழுபடும் துணியில் தைத்த பிரா ஒன்றோ இரண்டோ போதும். பால் கட்டாமல் இருக்க மார்பை இறுக்கிக் கட்டச் சொல்லி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது வலியையும் வீக்கத்தையும் கூட்டிவிடக்கூடும். மாதவிலக்கு திரும்பியிருந்தால், அதற்கு முந்தைய நாட்களில் மார்பு வீங்கியிருக்கும், எனவே அது முடிந்த வாரத்தில் அளந்து பாருங்கள். மாதம் ஒருமுறை அளந்து குறித்துவைத்து, இரண்டு மாதம் ஒரே எண் வந்தால் தைரியமாக வாங்கலாம்.

ஒரு பக்கம் பெரிதாகவும் ஒரு பக்கம் சிறிதாகவும் தெரிந்தால் பதறாதீர்கள். பிள்ளைகள் ஒரு பக்கத்தையே அதிகம் விரும்பிக் குடிப்பதும் இதற்கு ஒரு காரணம், இயல்பாகவே யாருக்கும் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருப்பதில்லை. பெரிய பக்கத்துக்கு அளவு பார்த்து வாங்கி, சிறிய பக்கத்தில் எடுத்துவைக்கும் பேட் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன், மனதில் இருக்கலாம் என்பதால். "இத்தனை நாள் பால் கொடுத்தால் இப்படித்தான் தொங்கிப்போகும்" என்று நெருங்கிய உறவுக்காரப் பெண் ஒருவர் என்னிடம் சொன்னார். அந்த வார்த்தையை நான் வெகுநாள் சுமந்தேன், மூத்தவனுக்குக் கொடுத்ததைவிட இளையவளுக்குக் குறைவாகக் கொடுத்திருக்கலாமோ என்றுகூட யோசித்தேன். பிறகுதான் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் பிளாஸ்டிக் சர்ஜன் பிரையன் ரிங்கரும் குழுவினரும் செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். மார்பு தளர்வதற்கும் தாய்ப்பால் கொடுத்ததற்கும் தொடர்பில்லை என்றே அவர்கள் கண்டார்கள். வயது, எத்தனை முறை கர்ப்பம், உடல் எடை, கர்ப்பத்துக்கு முன்பே மார்பு பெரிதாக இருந்தது, புகைப்பழக்கம், இவைதான் காரணங்களாகத் தெரிந்தன. கர்ப்பமே மார்பை மாற்றிவிடுகிறது, பால் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். உங்கள் மகளுக்கு நீங்கள் கொடுத்த ஒரு நாளைக்கூட யாரும் குறை சொல்ல விடாதீர்கள்.

அளக்கும்போது கை படுமல்லவா, அப்போது கவனியுங்கள். நிறுத்திய புதிதில் சின்னச் சின்னக் கட்டிகள்போல் தட்டுப்பட்டுத் தானாகக் கரைவது உண்டு. ஓரிரு வாரத்தில் கரையாத கட்டி, தோல் குழிவது, முலைக்காம்பு புதிதாக உள்ளிழுப்பது, இரத்தம் கலந்த கசிவு, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோடு மார்பு சிவந்து வலித்தால் அன்றைக்கே போய்விடுங்கள்.

இனி உங்களிடம் இருக்கும் இரண்டு பிரா. அந்த 34 பி-யைத் தலைகீழாக அல்ல, முன்பின்னாகத் திருப்பி, கப் முதுகுப் பக்கமும் கொக்கி முன்னாலும் வரும்படி மாட்டிப் பாருங்கள். அப்படி மாட்டும்போது பட்டை இறுக்காமல் சுகமாக இருந்தால் பட்டை சரி, கப் போதாமல்தான் இறுக்குகிறது. 34 சி-யிலிருந்து தொடங்குங்கள். அப்போதும் இறுக்கினால் விலா கொஞ்சம் விரிந்திருக்கிறது, கர்ப்பத்துக்குப் பிறகு பலருக்கு அப்படி ஆகும். 36 பி-யைப் போட்டுப் பாருங்கள், அதுவரைக்கும் பழையதில் கொக்கியை நீட்டும் எக்ஸ்டென்டர் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். 38 சி-யில் உள்வரிசைக் கொக்கியில் மாட்டியும் பட்டை முதுகில் ஏறுகிறது என்றால் அதன் எலாஸ்டிக்கும் முடிந்துவிட்டது, இன்னொரு பிள்ளைக்கு ஆகும் என்று எடுத்துவைக்க வேண்டாம். அளந்த மூன்று எண்களையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.