மோட்டாரைச் சேர்த்ததும் போர்டு ரீசெட் ஆகிறது. எலக்ட்ரானிக்ஸ் படிக்காதவர்களுக்கு இது சரிப்பட்டு வராதா?

கேள்வியின் கடைசி வரி சுருக்கென்று தைத்ததால்தான் எழுத உட்கார்ந்தேன். ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள, நாம் புரோகிராம் எழுதி ஓட்டுகிற சின்ன கம்ப்யூட்டர் போர்டு) தனியாக இருந்தால் ஒழுங்காக ஓடுகிறது, சின்ன டிசி மோட்டாரைச் சேர்த்ததும் ரீசெட் ஆகிறது, இல்லாவிட்டால் சென்சார் கன்னாபின்னாவென்று காட்டுகிறது, கோடை, அதாவது புரோகிராமை, மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தாயிற்று என்கிறீர்கள். அதோடு விட்டிருக்கலாம். "படிக்காதவர்களுக்கு வராதா" என்று ஏன் கேட்கிறீர்கள்? நான் பி.காம். பிழைப்பு கணக்கு எழுதுவது. என் மேஜையில் ஓடிக்கொண்டிருப்பவை எல்லாம் ராத்திரி உட்கார்ந்து நானே செய்தவை.

முதலில் கோடிலிருந்து கையை எடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் உங்கள் மேஜை எப்படி இருக்கும் என்று தெரியும். போன் சார்ஜர், அதிலிருந்து மெல்லிய யூஎஸ்பி கேபிள், அதில் போர்டு. போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து மோட்டாருக்கு ஒரு ஜம்பர் ஒயர். எல்லாம் ஒரே பிரெட்போர்டில், அதுதான் சால்டர் இல்லாமல் ஒயரைச் செருகுகிற ஓட்டைப் பலகையில். சரியா? வைஃபை போட்டால் ஈஎஸ்பி32 மட்டுமே நொடிக்கு நொடி கரண்டை இழுக்கும். 500 மில்லி ஆம்பியராவது தரக்கூடிய சப்ளை கொடு என்று தயாரித்த எஸ்ப்ரெசிஃப் நிறுவனமே சொல்கிறது. அந்தத் தலையில் மோட்டாரையும் ஏற்றினால் வோல்டேஜ் சரியத்தான் செய்யும். மோட்டார் கிளம்பும் நேரத்தில் இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு.

போர்டு அனுப்பும் வரிகளை கம்ப்யூட்டரில் காட்டுகிற சீரியல் மானிட்டரைத் திறந்து பாருங்கள். "பிரவுன்அவுட் டிடெக்டர்" என்று ஒரு வரி வந்திருந்தால் வேறு சாட்சியே வேண்டாம். வோல்டேஜ் எல்லைக்குக் கீழே சரிந்தால் போர்டை ரீசெட் செய்கிற காவலாளி அது. அந்த வரியை இணையத்தில் தேடினால், டிடெக்டரையே அணைத்துவிட ஒரு வரி கோடு கிடைக்கும். நிறைய பேர் கைதட்டி வைத்திருப்பார்கள். காய்ச்சல் தெரியக்கூடாது என்று தெர்மாமீட்டரை ஒடித்துப் போடுகிற வேலை அது. போடாதீர்கள்.

ஏன் இவ்வளவு கடுப்பாகச் சொல்கிறேன் என்றால், இப்படி ஒரு "ஒரு வரி வைத்தியம்" என் அத்தை மகனின் மீன் தொட்டியை அவிக்கப் பார்த்தது.

அவன் தொட்டிக்கு ஆர்டுவினோ ஊனோ என்கிற இதே மாதிரி இன்னொரு போர்டை வைத்து ஒரு கன்ட்ரோலர் செய்திருந்தான். தண்ணீருக்குள் வெப்பம் அளக்கும் டிஎஸ்18பி20 சென்சார். 25 டிகிரிக்குக் கீழே போனால் போர்டு சொன்னபடி ஆன், ஆஃப் ஆகும் இரண்டு ரிலே சுவிட்சுகளில் ஒன்று ஹீட்டரைப் போடும், இன்னொன்று சூடு பரவுவதற்காக ஒரு சின்ன 5 வோல்ட் பம்பைப் போடும். நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹீட்டரும் பம்பும் ஆன் ஆனதும் சென்சார் 85 டிகிரி என்று காட்டும். "அய்யோ கொதிக்குது" என்று கோடு எல்லாவற்றையும் அணைக்கும். அணைத்ததும் 24. மறுபடி ஆன். மறுபடி 85. ராத்திரி முழுக்க ரிலே டிக் டிக் என்று அடித்திருக்கிறது.

யாரோ சொன்னார்கள் என்று "85 வந்தால் விட்டுவிடு, பழைய அளவையே வைத்துக்கொள்" என்று ஒரு வரி சேர்த்தான். டிக் டிக் நின்றது. "அண்ணே, சரியாயிடுச்சு, வந்து பாருங்க" என்று பெருமையாகக் கூப்பிட்டான்.

போய்ப் பார்த்தேன். சீரியல் மானிட்டரில் 24.81, 24.81, 24.81 என்று ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு அங்கேதான் இடித்தது. இந்த சென்சார் 0.0625 டிகிரி அளவுக்கு நுணுக்கமான படிகளில் அளக்கும். ஹீட்டர் ஓடுகிற தொட்டியில் கடைசி இலக்கம் கொஞ்சமாவது ஆடாதா? "ஹீட்டர் எவ்வளவு நேரமா ஓடுது?" என்று கேட்டேன். "அது ஓடிட்டேதான்ணே இருக்கு, குளிர் ஜாஸ்தி போல." தண்ணீரில் விரலை வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. முதலில் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கினேன், பிறகுதான் பேச்சு. மீன்கள் பிழைத்தன.

நடந்தது இதுதான். டிஎஸ்18பி20-க்கு மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் அதன் நினைவில் முதலில் இருக்கும் எண்ணே 85 தான், தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டிலேயே போட்டிருக்கிறார்கள். ஒருமுறை வெப்பம் அளக்க அதற்கு 750 மில்லி செகண்ட் வரை ஆகும். அந்த இடைவெளியில் ஒரு கணம் வோல்டேஜ் விழுந்தாலும் அளந்தது போச்சு, 85 தான் கைக்கு வரும். பம்பு மோட்டார் ஓடுகிற வரைக்கும், உள்ளே உரசி உரசி கரண்ட் கொடுக்கும் அதன் பிரஷ்கள் சென்சாருக்கும் பொதுவான சப்ளையில் குத்திக்கொண்டே இருந்தன. அதனால் பம்பு ஓடும்போது வந்த ஒவ்வோர் அளவும் 85. ஒவ்வொன்றையும் கோடு தூக்கி எறிந்தது. ஹீட்டர் போடுவதற்கு முன்பு வந்த 24.81 அப்படியே உறைந்து நின்றது. அதாவது தண்ணீர் எவ்வளவு சூடானாலும் ஹீட்டர் அணையவே அணையாது.

"அப்படின்னா ஊனோ ஏன்ணே ரீசெட் ஆகலை?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அந்த சென்சாருக்குக் குறைந்தது 3 வோல்ட் வேண்டும். ஊனோவின் பிரவுன்அவுட் எல்லை 2.7 வோல்ட். நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடத்தில் போர்டு தாக்குப்பிடிக்கும், சென்சார் சாகும். போதாததற்கு சென்சார் நீளமான மெல்லிய ஒயரின் கடைசியில் இருந்தது. மல்டிமீட்டர் வைத்தால் 4.8 என்று சாதுவாகக் காட்டியது. அது சராசரியைக் காட்டுகிற கருவி, மில்லி செகண்டில் வந்து போகிற பள்ளம் அதன் கண்ணில் படாது. அந்தப் பள்ளத்தைப் படமாகக் காட்டுகிற ஆசிலோஸ்கோப் எங்களிடம் இல்லை. பம்பின் ஒரு ஒயரை மட்டும் கழற்றிவிட்டு அதே கோடை ஓட்டினேன். 85 காணாமல் போனது, கடைசி இலக்கம் ஆட ஆரம்பித்தது. மாட்டினேன், மறுபடி 85. இதைக் கண்டுபிடிக்க பட்டப்படிப்பு வேண்டுமா, நீங்களே சொல்லுங்கள்.

சரிசெய்தது சுலபம். பம்புக்குத் தனி அடாப்டர், இரண்டு சப்ளையின் கிரவுண்டையும், அதாவது நெகட்டிவ் ஒயரையும், ஒன்றாக இணைத்தோம். மோட்டார் அணையும்போது எகிறும் வோல்டேஜை அடக்க பம்பு ஒயர்களின் குறுக்கே 1என்4007 டயோடு, அதன் வெள்ளைப் பட்டை பாசிட்டிவ் பக்கம். அந்தக் குத்தலை உறிஞ்ச மோட்டார் முனைகளில் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், சென்சாரின் காலுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று. கோடிலும் மாற்றம் செய்தோம்: 85 வந்தாலும், சென்சார் கிடைக்கவில்லை என்று லைப்ரரி தருகிற -127 வந்தாலும் ஹீட்டர் உடனே அணையும். சந்தேகம் வந்தால் அணை, பழையதை நம்பாதே.

உங்களுக்கும் இதேதான். மோட்டாருக்குத் தனி சப்ளை, பொது கிரவுண்டு, டயோடு. கோடு ஆன், ஆஃப் செய்கிற சிக்னல் பின்னிலிருந்தும் நேராக மோட்டாரை ஓட்டிவிடாதீர்கள், ஊனோவாகவே இருந்தாலும் அப்படி ஒரு பின்னுக்கு 20 மில்லி ஆம்பியர்தான் நியாயம். நடுவில் மாஸ்ஃபெட் போடுங்கள், சின்ன சிக்னலில் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச் அது. போடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஆர்டுவினோவுக்கு என்று சொல்லி விற்கிற மாட்யூல்களில் பெரும்பாலும் ஐஆர்எஃப்520 இருக்கும். அது முழுதாகத் திறக்க கேட்டில் (சிக்னல் கொடுக்கும் காலில்) 10 வோல்ட் வேண்டும். உங்கள் ஈஎஸ்பி32 தருவது 3.3. மோட்டார் முனகும், மாஸ்ஃபெட் சுடும், நீங்கள் மறுபடி கோடைச் சந்தேகப்படுவீர்கள். 3.3 வோல்ட்டிலேயே முழுதாகத் திறக்கிற லாஜிக் லெவல் மாஸ்ஃபெட்டாகத் தேடி வாங்குங்கள்.

"ஆர்டுவினோ எல்லாம் பொம்மை, ரெஜிஸ்டரில் எழுதத் தெரியாதவன் பாடம் நடத்த வந்துட்டான்" என்று ஒருவர் கமெண்டில் வருவார், வழக்கமாக வருவார். ஐயா, லைப்ரரி இல்லாமல் நேராகச் சிப்பின் ரெஜிஸ்டரில் எழுதினாலும் அந்த சென்சாருக்கு 3 வோல்ட் வேண்டும். ஹீட்டர் மெயின்ஸ் கரண்ட், அதையெல்லாம் சொல்லித் தரலாமா என்பவர்களுக்கு: நான் சொல்லித் தரவில்லை. அந்தப் பக்கத்து ஒயரிங்கை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் மூடிய பெட்டிக்குள் செய்து கொடுத்தார். பிரெட்போர்டில் மெயின்ஸ் ஏற்றுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பொழுதுபோக்கில் கோடோ சப்ளையோ பெரிய தொல்லை இல்லை, சொந்தக்காரர்கள்தான். எல்இடி ஒன்றை மின்ன வைத்ததைப் பார்த்துவிட்டால் போதும், இஸ்திரிப் பெட்டி, பிரிண்டர், பெரியப்பாவின் காது மெஷின் எல்லாம் நம் வாசலுக்கு வந்துவிடும். "சும்மாதானே இருக்கே, பாரேன்." முடியாது என்றால், "அப்புறம் என்னத்தைக் கத்துக்கிட்டே?" இதே ஆட்கள்தான் நாம் சால்டரிங் அயர்னை எடுத்தால் "வேற வேலையே இல்லையா" என்பவர்கள். அந்த இஸ்திரிப் பெட்டி இன்னமும் என் அலமாரியில்தான் இருக்கிறது. கேட்டால் பார்ட்ஸ் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மோட்டார் மேல் எழுதியிருக்கும் வோல்டேஜ், சார்ஜரில் போட்டிருக்கும் ஆம்பியர், ரீசெட் ஆகும்போது சீரியல் மானிட்டரில் வரும் முதல் சில வரிகள், இந்த மூன்றையும் கீழே போடுங்கள். கோடு வேண்டாம்.